மூன்று பேராக நின்ற படம்

அந்தக் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரில் நிற்பவர் இரண்டாகத் தெரிவார். ஒன்று அவர். இன்னொன்று அவருக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் மங்கலாக, உடம்பை விட்டு ஒரு விரல்கடை விலகி நிற்கும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் திருகினால் அந்த மங்கல் உருவம் நகர்ந்து வந்து இவரோடு ஒட்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் தூரம் சரி, படம் தெளிவாக விழும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பது இதுதான். தூரத்தைக் கண்ணால் அளக்க வேண்டும், வெளிச்சத்தை மனசால் கணக்குப் போட வேண்டும்.

பிள்ளைகளா, நீங்கள் இருவரும் அதற்குள் பார்த்திருக்கிறீர்கள். பாப்பா, நீ தம்பியைப் பார்த்துவிட்டு, "அப்பா, தம்பிக்குப் பின்னாடி இன்னொருத்தன் நிக்கிறான்" என்று கேமராவை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாய். அப்புறம் தைரியம் வந்து நீயே ஒரு படம் எடுத்தாய். எடுத்ததும் கேமராவைத் திருப்பி முதுகைப் பார்த்தாய். அங்கே திரை ஏதும் இல்லை, வெறும் தகடு.

"போட்டோ எங்கப்பா?"

"உள்ள பிலிம்ல இருக்கு. கழுவினாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் நாங்க உள்ளயா இருப்போம்? இருட்டுலயா?"

ஆமாம் என்றேன். அன்றைக்கு அது விளையாட்டுப் பேச்சாக இருந்தது.

நம் வீட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி நீங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் இருக்கும் தூண் பளிச்சென்று தெரிகிறது, முன்னால் நிற்கும் நீங்கள் கலங்கலாக இருக்கிறீர்கள், இதைப்போய் எதற்கு அம்மா பெரிதாக்கி மாட்டினாள் என்று. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் வயரிங் வேலைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தொங்கு விளக்குகளை எல்லாம் சரிசெய்து கொடுப்பேன். அவர்தான் ஒருநாள் இந்தக் கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வாரவுக எல்லாம் எடுத்துப் பாக்குறாக, கண்ணை வச்சுட்டு ஒண்ணும் தெரியலன்னு வச்சுட்டுப் போயிடுறாக. நீங்க கொண்டு போங்கண்ணே."

"யாரு வீட்டுது?"

"யாருக்குத் தெரியும்? ஒரு பெரிய வீட்டுப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. எத்தனை பேரைப் பாத்த கண்ணோ இது. பாத்தவுகளும் இல்ல, எதிர நின்னவுகளும் இல்ல."

செல்போனில் வீடியோ பார்த்து மேல் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி, நகம் அளவுதான். அதில் புகைபோலப் பூசணம். அழுத்தித் துடைத்தால் பூச்சு உரிந்து அந்த மஞ்சள் உருவம் ஒரேயடியாகப் போய்விடும். பஞ்சைத் தொட்டும் தொடாமலும் வைத்து எடுத்தேன். மூடிவிட்டுப் பார்த்தபோது எதிர்வீட்டு வாசற்கால் இரண்டாகத் தெரிந்தது. பிலிம் வரவழைத்துப் போட்டேன்.

அம்மாவுக்குப் போட்டோ என்றால் ஒரு சட்டம் உண்டு, உங்களுக்கே தெரியும். மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது. எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. நம் வீட்டில் எடுக்கிறவன் நான் என்பதால் நிற்பது எப்போதும் மூன்று பேர்தான். அதனால் அம்மா நாலாவதாக யாரையாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை, இல்லாவிட்டால், பாப்பா, உன் கரடி பொம்மை. காளையார்கோவில் தேருக்குப் போனபோது முன்னே பின்னே தெரியாத ஒரு பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"ஏத்தா, அந்தப் புள்ளைய ஒரு நிமிசம் குடு. போட்டோ எடுத்துட்டுத் தாரேன்."

"எம்புள்ள எதுக்கு உங்க போட்டோவுல?"

"நாங்க மூணு பேராப் போயிட்டோம்ல."

அந்தப் பெண் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையின் தலையைக் கோதிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். அந்தப் படத்தில் நீங்கள் எல்லாரும் முழிக்கிறீர்கள், அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கிறது.

"எடுக்குற நானும் ஒரு ஆளுதானே? நாலு பேரு ஆச்சுல்ல?" என்று நான் கேட்டால், "படத்துல இல்லாதவுக கணக்குல வரமாட்டாக" என்பாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருசம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வயிற்றுவலி, ரத்தப்போக்கு. சொல்லாமலே வைத்திருந்து, சமையல்கட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு, அதுதான் பயமாக இருக்கிறது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

"கட்டிய மட்டும் எடுத்தாப் போதாதா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கல்லம்மா? இனி அது எதுக்கு?"

திரும்பி வரும் பஸ்ஸில், திருப்பத்தூர் தாண்டுகிற வரை அம்மா ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"நெற்குப்பையில நீங்க வேலை செய்யுற பெரிய வீட்டுல, அந்தத் தேக்குத் தூணுகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுக்கணுங்க. உங்க ரோல் கேமராவுல."

"செல்லுல எடுத்துக்கலாம்ல?"

"செல்லுல எடுத்தா உடனே மூஞ்சிக்கு நேரா நீட்டுவீக. எனக்கு உடனே பாக்க வேண்டாம்."

நாம் நாலு பேரும் ஒரே வண்டியில் நெருக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் போடும் படைப்புக்கும்தான் வருவார்கள். வயரிங் முடிகிற வரை சாவி என்னிடம். கதவைத் திறந்ததும் வௌவால் வாடையும் சுண்ணாம்புக் குளிர்ச்சியும் வந்தது. நடு முற்றமான வளவில் மேலிருந்து விழுந்த வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. தம்பி ஒரு சத்தம் கொடுத்தான். அது உள்கட்டு வரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்த குரல் அவன் குரல் மாதிரி இல்லை. அவன் மறுபடி கத்தவில்லை.

இடப்பக்கம் தம்பி, அடுத்து அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் பாப்பா, நீ. ஆனால் அம்மாவுக்கும் உனக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அதன் வழியாகப் பின்னால் இருந்த தூண் தெரிந்தது.

"ஒட்டி நில்லுங்க. நடுவுல மாட்டுவண்டியே போகும் போல."

"இருக்கட்டும். எடுங்க."

"பாப்பா, நீயாவது அம்மா பக்கம் நகந்து வா."

"வராத. அங்குட்டே நில்லு" என்றாள் அம்மா. உன்னைப் பார்க்கக்கூட இல்லை.

காவலுக்கு இருந்த பெரியவர் டீ குடிக்கப் போயிருந்தார். நாலாவதுக்கு அவர் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "பரவாயில்லையே, திருந்திட்டியே!" என்றேன். அவள் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணை வைத்தேன். அளக்கிற அந்த மஞ்சள் கட்டம் படத்தின் நடுவில்தான் இருக்கும். நடுவில் விழுவது எதுவோ அதைத்தான் அளக்க முடியும். இரண்டு தூண் தெரிந்தது. வளையத்தைத் திருகினேன். இரண்டும் ஒன்றானது. அமுக்கினேன். பெரிய சத்தமெல்லாம் வராது அந்தக் கேமராவில். யாரோ பக்கத்தில் நின்று நாக்கைச் சொடுக்கின மாதிரி இருக்கும்.

உங்களைத் தேவகோட்டையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மதுரைக்குப் போனோம். ரத்தம் ஏற்றின பிறகுதான் ஆபரேஷன் என்று தள்ளிப்போட்டார்கள். அம்மாவுக்கு எதிர்க் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். இதே வியாதிதான், அம்மாவைவிட வயது குறைவு. இருவரும் பிள்ளைகளைப் பற்றியும் புளிக்குழம்பைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் காலையில் நான் காபி வாங்கிக்கொண்டு போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. வீட்டுக்குப் போய்விட்டாளா என்று நர்ஸிடம் கேட்டேன். "ஆமா, கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அன்றைக்குக் காப்பீட்டு அட்டையை எடுத்துவர நான் காரைக்குடிக்கு வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது என் தலைக்குள் வந்தது. மூன்று பேர். நடுவில் அம்மா. நான்தான் எடுத்தேன், அதுவும் கேலி பேசிக்கொண்டே எடுத்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத ஒன்று இப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

நண்பகலில் வீட்டைத் திறந்தேன். வாசலில் உங்கள் பள்ளிக்கூடச் செருப்பு ஜோடி ஜோடியாகக் கிடந்தது. கேமரா அலமாரியில் இருந்தது. எதற்கென்று தெரியாமல் எடுத்துக் கண்ணில் வைத்தேன். கொல்லைக் கொடியில், எடுக்க மறந்துபோன அம்மாவின் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. கேமராவுக்குள் இரண்டு நைட்டி. ஒன்று மங்கலாக, விலகி. காற்றில் இரண்டும் சேர்ந்து அசைந்தன. நான் வளையத்தைத் தொடவே இல்லை.

செல்போன் படம் என்றால் விரலால் அழித்துவிடலாம். இதில் அந்த ஒரு படத்தை மட்டும் எடுக்க வழி கிடையாது. பின்மூடியைத் திறந்து சுருளை உருவி வெயிலில் காட்டினால் எல்லாமே போய்விடும். அதே சுருளில் இன்னொரு படம் இருந்தது. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது தம்பி ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாளே, அது. அப்படிச் சிரிக்கிற படம் வேறு எதிலும் நம்மிடம் இல்லை. செல்போனைப் பார்த்தால் அம்மா வாயை மூடிக்கொள்வாள்.

உருவினால் நான் அந்த மூன்று பேர் கதையை நம்பிவிட்டேன் என்று ஆகிறது. உருவாமல் வைத்தால் எதற்காக வைக்கிறேன்? அம்மா திரும்பி வராமல் போனால் பெரிதாக்கி மாட்ட ஒரு படம் வேண்டும் என்பதற்காகவா? அந்த யோசனை வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சுற்றுகிற குமிழைப் பிடித்து மேலே இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தால் மூடி திறந்துவிடும். அதற்குமேல் கை வரவில்லை. மறுபடி அழுத்தி மூடவும் மனம் வரவில்லை. அப்புறம் அழுத்தினேன். ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மதுரைக்கே திரும்பினேன்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். அதற்கு முந்தின சாயங்காலம், சீப்புத் தேடிப் பைக்குள் கையை விட்ட அம்மாவின் கையில் கேமரா வந்தது.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீக? குழாயும் கையுமா என்னைப் படம் எடுக்கவா?"

நான் மழுப்பினேன். அம்மாவிடம் மழுப்ப முடியுமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உருவிவிடவா, வேண்டாமா, நீயே சொல்லு என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கையில் ஊசி குத்தியிருந்ததால் மெதுவாகச் சிரித்தாள்.

"மூணு பேரா? யாரு சொன்னா மூணு பேருன்னு?"

"நான்தானே எடுத்தேன்?"

"எடுத்தீக. பாத்தீகளா? நாலு பேருல்ல நின்னோம். நாலு பேரு நின்னா நடுவுல யாரும் கிடையாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிள்ளைகளா, உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாள். உங்கள் இருவருக்கும் முன்னால், எங்களுக்குக் கல்யாணமான மறுவருசம். எட்டாம் மாதத்தில் அம்மாவுக்கு வலிப்பு வந்து நினைவு தப்பிவிட்டது. பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. அம்மா கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நான்தான் துண்டில் வாங்கினேன், நான்தான் கண்மாய்க்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெயர் வைக்கவில்லை. படம் எடுக்கவில்லை. பாப்பா, "இவதான் மூத்தவளா?" என்று யாராவது கேட்டால் அம்மா "இது பொம்பளப்புள்ள, அது பையன்" என்று பேச்சை மாற்றுவாளே, கவனித்திருக்கிறாயா?

"அந்தக் கர்ப்பப்பையைத்தானே நாளைக்கு எடுக்கப் போறாக," என்றாள் அம்மா. "அவ இருந்த வீடு அது ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி எம்பக்கத்துல ஒரு தடவை நிக்க வைக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதாங்க."

அம்மா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படி இருந்தா? இத்தனை வருசத்துல ஒரு தடவை சொன்னதில்ல நீங்க. நானும் கேக்கல."

"முடி நிறைய இருந்துச்சு."

"சுருட்டையா?"

"இல்ல. நேரா இருந்துச்சு. காது உன் காதுதான். மேல ஒரு மடிப்பு இருக்குமே, அது அப்படியே."

"கலரு?"

"உன்னை மாதிரி."

"கறுப்பின்னு சொல்லுங்க." சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "கையி?"

"மூடி வச்சிருந்தா. நான் விரிச்சுப் பாக்கல."

அம்மா தன் கையை ஒரு தடவை மூடிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, ஆண்கள் எல்லாம் வெளியே போங்கள் என்றார்.

"இருங்க சிஸ்டர்," என்றாள் அம்மா, "இன்னும் காலு சொல்லல."

அந்த நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் காலையும் சொன்னேன். நெற்றியைச் சொன்னேன். எனக்குள் எத்தனையோ வருசமாக இருட்டில் கிடந்தது எதுவும் அழியவில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. முடித்ததும் அம்மா கேமராவைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"திறந்து கிறந்து வச்சிராதீக. உள்ள எம்மூணு புள்ளைகளும் இருக்கு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அம்மா வீட்டுக்கு வந்து, கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று சொன்னதைக் கேட்காமல் குடம் தூக்கி என்னிடம் திட்டு வாங்கியதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். மீதிப் பிலிமை முடித்துச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பிக் கழுவி வாங்கினேன்.

படம் வந்ததும் முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நான் அளந்தது தூணை. அதனால் தூணின் வரி வரியான தேக்கு ரேகை எல்லாம் தெரிகிறது, நீங்கள் மூன்று பேரும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறீர்கள். அப்புறம்தான் அம்மாவின் இடக்கையைப் பார்த்தேன். எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை. அது கீழே தொங்கவில்லை. அந்த இடைவெளிக்கு மேலே, ஒரு தோளின் உயரத்தில், விரல்களை லேசாக வளைத்து நிற்கிறது. பாப்பா, உன் தோளைவிட ஒரு சாண் உயரம். அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது அவள் தோள் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

அம்மா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இதைத்தான் பெருசாப் போடணும்" என்றாள். முருங்கைக்கீரைப் படம் பெட்டிக்குள் போனது.

இப்போதெல்லாம் அந்தக் கேமராவில் கண்ணை வைக்கும்போது, மங்கலான உருவம் விலகி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. உடனே ஒட்டவைக்க மனம் வருவதில்லை. கொஞ்சம் விட்டுப் பார்க்கிறேன். அப்புறம்தான் வளையத்தைத் திருகுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் இதை நீங்கள் படித்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதினேன். இந்தத் தடவை தப்பு வராது, எனக்கு இப்போது முறை தெரியும். முதலில் உங்கள் முகத்தில் கட்டத்தை வைத்துத் தூரத்தை அளந்துகொள்வேன். வளையத்தை அசைக்காமல் கேமராவை மட்டும் திருப்பி, அந்த இடம் நடுவில் வருகிற மாதிரி வைத்து அமுக்குவேன். அப்படிச் செய்தால் நீங்கள் தெளிவாக விழுவீர்கள், தூண் கலங்கிவிடும். இதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப அவ கலங்கிப் போயிருவாளே?"

"தூணுதான் கலங்கும். அவ உங்களோடதானே நிக்கிறா? ஒரே வரிசையில நின்னா எல்லாரும் எனக்கு ஒரே தூரம்தான்."

அம்மா மறுபடி அரிசிக்குள் கையை விட்டாள். அப்புறம் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப அவளுக்கு முன்னால பின்னால போயிராம நிக்கச் சொல்லுங்க, இந்த ரெண்டையும்."

சொல்லிவிட்டேன்.